பகலில் ஒழுங்காக வரும் பிராட்பேண்ட் சாயங்காலம் ஆனதும் அறுந்து அறுந்து வருவது ஏன்?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: பழைய செட்டிநாட்டு வீடு, போன் கம்பி வழியாக வரும் இணைப்பு, வேகத்தைச் சோதித்தால் குறையே இல்லை, ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்துபோகிறது, வந்து பார்த்தவர் "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். காலை பதினோரு மணிக்கு வந்திருப்பார்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் கம்பி இணைப்பு இருந்தவரை இதே கதைதான். வீட்டில் இருந்தபடி வேலை பார்த்ததால் எனக்கு வேகத்தைவிட அறாமல் வருவதுதான் முக்கியம். கடைசியில் உதவியது வேகச் சோதனை இல்லை, தினசரி காலண்டர். அறுந்த நேரத்தை எல்லாம் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். கணக்கு எழுதுவது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன? ஒரு வாரம் எழுதியதுமே குற்றவாளி ஒருவர் இல்லை, மூன்று பேர் என்று தெரிந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் லைன்தான் அறுகிறதா, வைஃபை அறுகிறதா என்று முதலில் பிரியுங்கள். நம் வீட்டுச் சுவர் கனத்துக்கு முகப்பில் வைத்த மோடத்தின் சிக்னல் இரண்டாம் கட்டுக்குப் போவதே பெரிய காரியம், வழியில் இரும்புப் பெட்டகமும் ஆளுயரக் கண்ணாடியும் வேறு. மடிக்கணினியை லேன் வயரில் மோடத்தோடு சேர்த்து ஒரு சாயங்காலம் பாருங்கள். அப்போது அறவில்லை என்றால் கம்பியைத் திட்டாதீர்கள். அறுந்தால், மேலே படியுங்கள்.

மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஒரு எண் இருக்கும். கம்பியில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் உண்டு. மோடம் இணையும் நேரத்தில் அந்த இரைச்சலை அளந்து, அதற்கு மேல் பொதுவாக 6 டெசிபல் கைவசம் வைத்துக்கொண்டு, மிச்சத்தை எல்லாம் வேகமாக மாற்றிவிடும். அப்புறம் இரைச்சலின் சக்தி நாலு மடங்கு ஆனாலே அந்த 6 டெசிபல் காலி. பிழைகள் குவியும், மோடம் கையை விரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து இணையப் பார்க்கும். நீங்கள் "அறுந்துபோச்சு" என்பது இதைத்தான். என் லைனில் பகலில் 9 காட்டும், ராத்திரி 3க்கு வந்துவிடும்.

ராத்திரி ஏன் குறைய வேண்டும்? இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டிவிடுகிறேன். போன் கம்பியில் பிராட்பேண்டை அனுப்பும் ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற முறை சுமார் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிப் பயன்படுத்துகிறது, ஒரு துண்டு 4.3125 கிலோஹெர்ட்ஸ். நம் பழைய மத்திய அலை வானொலி முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸைக் கணக்குப் போட்டால் சரியாக 217ஆவது துண்டின் தலையில் விழும். தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் போன் கம்பி ஒரு நீளமான ஏரியல் அல்லாமல் வேறென்ன? பகலில் சூரிய வெளிச்சத்தால் உண்டாகும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கரைந்துபோக, தூரத்து நிலையங்கள் மேலே பட்டுத் தெறித்து வந்து சேரும். சின்ன வயதில் ராத்திரியானால் பெயர் தெரியாத பாஷையில் எல்லாம் ரேடியோ பாடுமே, அதே சங்கதிதான். உங்கள் லைனும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்கு வைத்தியம் சுலபம், யாரும் சொல்வதில்லை. மோடத்தை ஒரு தடவை அணைத்து மறுபடி போடுவதைக் காலையில் செய்யாதீர்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செய்யுங்கள். அந்த நேரத்து இரைச்சலை அளந்து கொஞ்சம் குறைந்த வேகத்துக்கு ஒப்புக்கொள்ளும், பகலிலும் அதிலேயே நிற்கும். ஒரு எம்பி குறைந்தால் குறையட்டும்.

ஆனால் என் காலண்டர் தாளில் ராத்திரிக்கு முன்னாலேயே, தினமும் ஆறேகாலை ஒட்டி ஒரு அறுப்பு இருந்தது. வானொலி மேல் பழி போட முடியாத அளவுக்கு நேரம் தவறாமல். ஐயாவின் பழைய டிரான்சிஸ்டரை எடுத்து, மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை வைத்து, வீட்டில் இரைச்சல் கிளப்புவது எது என்று பிடிக்க ஆறு மணியிலிருந்து வளவைச் சுற்றி நடந்தேன். "ஏண்டா, பாட்டும் வரல, பேச்சும் வரல, எதுக்கு அதத் தூக்கிக்கிட்டுத் திரியிற?" என்றார்கள் அப்பத்தா. சொல்லிவிட்டுச் சாமி அறைக்குள் போய் ஸ்விட்சைப் போட்டார்கள், ரேடியோ "டர்ர்ர்" என்று கத்தியது. சாமி படங்களுக்குப் போட்டிருந்த மலிவான எல்இடி சீரியல் லைட்டின் அடாப்டர்! மட்டமான அடாப்டர்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு நூறு தடவை இப்படிப் பொறி தட்டிக்கொண்டே இருக்கும். நல்ல அடாப்டர் மாற்றினேன், ஆறேகால் அறுப்பு நின்றது. சாமிக்கும் வெளிச்சம் குறையவில்லை.

மூன்றாவது ஆள் எக்ஸ்டென்ஷன் கம்பி. அப்பத்தாவால் முகப்பு வரை நடக்க முடியாது என்று ஒரு காலத்தில் அடுப்படி வரை போன் கம்பி இழுத்திருந்தார்கள், செல்போன் வந்த பிறகு அந்தப் போனை எடுத்துவிட்டோம், கம்பி மட்டும் நுனி வெட்டியபடி கிடந்தது. தெருவுக்குத் தெரு போகும் வீடு, கம்பி எப்படியும் ஐம்பது மீட்டர். கிளையாகத் தொங்கும் கம்பிக்குள் போன சிக்னல் நுனியில் பட்டுத் திரும்பி வந்து அசலைக் கெடுக்கும், ஐம்பது மீட்டர் என்றால் சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் பெரிய பள்ளம் விழும், அதாவது ஏடிஎஸ்எல்லின் நடு வயிற்றில். கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அந்தக் கிளையைக் கழற்றினேன். ஆயிரம் ரூபாய் மோடம் மாற்றியபோது கிடைக்காத பலன் ஒரு ஸ்க்ரூ டிரைவரில் கிடைத்தது.

மழைக்கு மட்டும் அறுந்தால், அல்லது போன் காதில் கரகரத்தால், எங்கோ கம்பி ஜாயிண்ட் களிம்பு பிடித்திருக்கிறது. போன் மணி அடிக்கும்போதெல்லாம் அறுந்தால் போனையும் இணையத்தையும் பிரித்துக் கொடுக்கும் சின்ன டப்பாவான ஸ்ப்ளிட்டரைப் பாருங்கள். இடி இடித்தால் மின் பிளக்கோடு போன் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள், ஐப்பசியில் எனக்கு ஒரு மோடம் அப்படித்தான் போனது.

ஃபைபர் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் மாறுங்கள். கண்ணாடி இழைக்கு வானொலியும் தெரியாது, சீரியல் லைட்டும் தெரியாது. அதன் வியாதிகள் வேறு: அணில் கடி, நிலைக்கதவு இடுக்கில் நசுங்கிய வளைவு, அழுக்கான கனெக்டர். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் பலம் மைனஸ் 27 டிபிஎம்முக்குக் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) கீழே போனால் ஆளைக் கூப்பிடுங்கள்.

கிடைக்காதென்றால் ஐந்து நாள் அறுந்த நேரங்களையும், காலை ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை பார்த்த மார்ஜின் எண்களையும் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அடுத்த தடவை ஆள் வரும்போது சாயங்காலம் ஏழு மணிக்கு வரச்சொல்லுங்கள்.