வேன் வண்டியில் வரும் திசு வாழைக் கன்றை நம்பலாமா?

கேள்வி: ஒரு ஏக்கரில் ஜி-9 ரக வாழை போடப்போகிறேன். வேன் வண்டியில் கன்று கொண்டுவரும் ஒருவர், நர்சரி விலையைவிட ஐந்து ரூபாய் குறைத்துத் தருகிறார். 'டிஷ்யூ கல்சர் கன்று, நோயே வராது' என்கிறார். வாங்கலாமா? – வாசகர், திருவையாறு

பதில்: 'நோயே வராது' என்றாலே உஷாராகிவிடுங்கள். டிஷ்யூ கல்சர் என்றால், தாய் வாழையின் சிறு திசுவை ஆய்வகத்தில் பெருக்கி உருவாக்கிய கன்று. நல்ல ஆய்வகக் கன்று நோயில்லாமல் உங்கள் வயலுக்கு வரும், அவ்வளவுதான். அப்புறம் அசுவினிப் பூச்சி வந்து உட்கார்ந்தால் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் வரலாம். மண்ணில் வாடல் பூஞ்சை இருந்தால் திசு வாழையும் வாடும்.

நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு, தாய்க்கன்றுக்கு வைரஸ் சோதனை செய்ததற்கானது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்று தரும் முறையை நடத்திவருகிறது. எந்த ஆய்வகம், எந்த பேட்ச், சான்று லேபிள் எங்கே என்று கேளுங்கள். வேன்காரர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

லேபிள் இருந்தாலும் ஒரு பாக்கெட்டுக்குக் காசு கொடுத்து, கிழித்துப் பாருங்கள். வெள்ளை வேர் மண்ணைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். மண் பொலபொலவென்று உதிர்ந்தால், ட்ரேயிலிருந்து நேற்றுதான் பாக்கெட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்காது. நிழல்வலையில் ஆறேழு வாரம் இருந்து, ஓரடி உயரமும் ஐந்தாறு இலையுமாக நிற்பதுதான் நடவுக்கு ஏற்றது. இலைகள் நெருக்கி அடுக்கிக் குட்டையாக நிற்பதையும், இலையில் வெளிர்த்திட்டு உள்ளதையும் ஒதுக்குங்கள். ஒரே திசுவை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பப் பெருக்கினால் இப்படி ரகம் மாறிய கன்றுகள் கூடும். அவற்றைக் கழிக்காமல் கலந்து விற்றால் விலை குறையத்தானே செய்யும்!

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்று. மிச்சம் ஆறாயிரம் ரூபாய் சொச்சம். ஒரு வருடத்து உரம், ஆள்கூலி, முட்டுக் கழிச் செலவுக்கு முன்னால் அது பெரிய காசில்லை.

ரகமும் பேட்ச் எண்ணும் எழுதிய பில் கட்டாயம் வேண்டும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. ரகம் மாறித் தார் வந்தால், வெட்டுவதற்கு முன் படமெடுத்து, தோட்டக்கலை அலுவலரை அழைத்துப் பார்க்கச் சொல்லி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கன்றுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஆன்லைனில் டிஷ்யூ கல்சர் ஓக் கன்று விற்கிறார்கள். தோப்பு ஓரத்தில் வைக்கலாமா? – வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: வேண்டாம். முதிர்ந்த ஓக் மரத்தின் திசுவை ஆய்வகத்தில் வேர்விட வைப்பதே வாழை மாதிரி லேசான வேலை இல்லை. நம் நாட்டு ஓக் வகைகள் பெரும்பாலும் இமயமலைச் சரிவிலும் வடகிழக்கு மலைகளிலும் வளர்பவை. பட்டுக்கோட்டைக்கு தேக்கோ வேம்போ வையுங்கள்.