உப்பிய பேட்டரியும் அழியாத படங்களும்

கேள்வி: எங்கள் மேசை இழுப்பறையில் மூன்று பழைய கைப்பேசிகளும் இயங்காத மடிக்கணினி ஒன்றும் கிடக்கின்றன. ஒரு கைப்பேசியின் பின்மூடி தானாகவே மேலெழும்பி, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. இவற்றைக் குப்பைத் தொட்டியில் போடலாமா?

பதில்: போடக் கூடாது. முதலில் அந்த உப்பிய கைப்பேசியைக் கவனியுங்கள், மற்றவை காத்திருக்கலாம். உள்ளே இருக்கும் லித்தியம் அயனி பேட்டரியின் வேதிப்பொருள் சிதைந்து உண்டான வாயு, வெளியேற வழியின்றி உறைக்குள் அடைபட்டதால்தான் மூடி எழும்பியிருக்கிறது. அதை இனி சார்ஜ் செய்யாதீர்கள். மூடியை அழுத்திப் பொருத்தவோ, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவோ முயலவே முயலாதீர்கள். அணைத்துவிட்டு, உலர்ந்த மணல் நிரப்பிய உலோகப் பாத்திரத்துக்குள், தீப்பற்றும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். மின்கழிவு சேகரிப்பு மையத்துக்கு முன்கூட்டியே பேசி, பேட்டரி உப்பியிருப்பதைச் சொல்லிவிட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பேட்டரியும் குப்பைக்கு உரியதன்று. குப்பை வண்டி கழிவை நசுக்கும்போது பேட்டரியின் உள்ளடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கக்கூடும். அந்த வண்டியில் நின்று உழைப்பவர்களுக்கு அது உயிர் ஆபத்து. தனியே கழற்றிய பேட்டரிகளின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள்.

கேள்வி: கொடுப்பதற்கு முன் படங்களை அழித்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. கணினியின் வன்தட்டில் (தகவலைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்) ஒரு கோப்பை அழிக்கும்போது, அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே பெரும்பாலும் நீங்குகிறது. அந்த இடத்தில் வேறு தகவல் எழுதப்படும்வரை அதை மீட்டுவிடலாம். இயங்காத மடிக்கணினியாக இருந்தால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்வதே நல்லது. கைப்பேசியில் வரிசை முக்கியம்: வேண்டியதைப் படியெடுத்தபின், முதலில் அதில் இணைத்துள்ள உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்; அதன் பிறகே எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். இதை மாற்றிச் செய்தால், அடுத்தவர் திறக்கும்போது அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடக்கூடும். அப்படி நின்றால், இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடிய கருவி வீணாகும். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுக்க மறவாதீர்கள்.

கேள்வி: பழைய பொருள் வாங்குபவர் வீட்டுக்கே வந்து காசும் தருகிறார். அவரிடம் கொடுப்பதில் என்ன தவறு?

பதில்: அவர் மீது தவறில்லை, பொருள் அடுத்து எங்கே போகிறது என்பதுதான் கவலை. செம்புக்காகக் கம்பிகளின் பிளாஸ்டிக் உறையைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் என்னும் நச்சு எழும். தங்கத்துக்காகச் சுற்றுப்பலகைகளை அமிலத்தில் முக்கினால் மிஞ்சிய அமிலம் மண்ணில் இறங்கும். இந்த வேலையைச் செய்வோரின் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு சுமார் 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே என்றும் ஐ.நா. அறிக்கை கூறுகிறது. ஆகவே, அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, பழையதைத் திரும்பப் பெறும் தயாரிப்பாளரிடமோ கொடுத்து ரசீது வாங்குங்கள். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி இருந்தால், அதன் கண்ணாடியில் ஈயம் உண்டு. இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதைப் பிரிக்காமல், உடைக்காமல், முழுதாகவே ஒப்படையுங்கள்.