போதகரிடம் கேட்டவை: தொட்டி முதல் வகுப்பறை வரை

மலேசியாவின் பினாங்கில் பாப்டிஸ்ட் சபைப் போதகராக இருந்துகொண்டே இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தி, குடும்பங்களுக்கு ஆலோசனையும் சொல்லும் ஒருவரிடம் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும்.

பட்டர்வொர்த் வாசகர்: சபையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டப்போகிறோம். எந்த அளவில் கட்டலாம்?

உள்ளளவு 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். தண்ணீர் 1.1 மீட்டர் நின்றால் போதும். பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல் வரும். மொத்தம் 2,640 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் விடும் குழாயில் நிரம்ப மூன்று மணி நேரம் பிடிக்கும், அதனால் முந்தின இரவே திறந்துவிடுங்கள். தண்ணீர் மட்டுமே இரண்டரை டன்னுக்கு மேல். மாடியிலோ மரமேடையிலோ வைப்பதாக இருந்தால் பொறியாளர் பார்க்காமல் வைக்கவே வேண்டாம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது முங்கும்போதுதான். ஆள் விறைப்பாகச் சாய்ந்தால் கால் மிதந்து மேலே வந்துவிடும், பாரம் முழுக்கப் போதகரின் கையில் இறங்கும். முழங்காலை மடக்கி, நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாயச் சொல்லுங்கள். பாதம் தரையை விட்டு எழும்பாது. கைக்குட்டையால் மூக்கை அவரே பிடித்துக்கொள்ளட்டும். போதகரின் ஒரு கை அவருடைய மணிக்கட்டில், மற்றது தோள்பட்டைகளுக்கு நடுவில். இதைத் தண்ணீர் இல்லாமல் முதல் நாளே இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். வெள்ளை அங்கி நனைந்தால் உடம்போடு ஒட்டும், உள்ளே அடர்நிற உடை போடச் சொல்லுங்கள். வயர் வைத்த மைக்கைத் தொட்டியில் நிற்பவரிடம் நீட்டக் கூடாது. இதில் உயிரே போகும்.

ஒரு பாட்டி: பேரனுக்கு நாலு மாதம். ஞானஸ்நானம் கொடுப்பீர்களா?

இல்லை அம்மா. தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடுகிறவருக்கு மட்டுமே பாப்டிஸ்ட் சபை ஞானஸ்நானம் கொடுக்கும். குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் ஜெபம் உண்டு. தாய் தகப்பனோடு நீங்களும் முன்னால் வந்து நில்லுங்கள்.

செந்தூல் வாசகர்: சபையில் கல்யாணம் முடித்தால் அதுவே பதிவாகிவிடுமா?

கல்யாணம் நடத்தும் போதகர் உதவிப் பதிவதிகாரியாக அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டிருந்தால்தான் அதோடு பதிவும் நடக்கும். இல்லையென்றால் தேசியப் பதிவுத் துறையான ஜே.பி.என்.னில் தனியாகப் பதிய வேண்டும். முஸ்லிமல்லாதவர்களின் திருமணச் சட்டம் 1976-இல் வந்து 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஜே.பி.என். வழியாகப் போனால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே தேதியைக் கணக்குப் பாருங்கள். 21 வயது நிரம்பாதவருக்கு அப்பாவின் எழுத்துச் சம்மதமும் தேவை.

அதே வாசகர்: கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனையில் என்ன பேசுவீர்கள்?

குறைந்தது ஆறு சந்திப்பு. முதல் இரண்டும் பணம்தான். இருவரும் தனித்தனித் தாளில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும்: கைக்கு வரும் சம்பளம், கார் தவணை, பி.டி.பி.டி.என். கல்விக்கடன் பாக்கி, கிரெடிட் கார்டு, மாதா மாதம் அம்மா அப்பாவுக்குக் கொடுப்பது. அப்புறம் தாளை மாற்றிக்கொள்வார்கள். கடைசி வரியில்தான் பேச்சு நிற்கும். "கொடுக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் எவ்வளவு, எத்தனை வருஷம், தம்பி தங்கை படிப்பு முடிந்த பிறகுமா என்று கேட்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்லாமல் விட்டுவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு அது "உங்க அம்மா, எங்க அம்மா" சண்டையாகத்தான் வெளியே வரும். எந்த வீட்டில் குடியிருப்பது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அடுத்தடுத்த சந்திப்புகளில்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: வீட்டுக்காரர் அடிக்கிறார். இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவீர்களா?

மாட்டேன் அம்மா. அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் உண்மையைச் சொல்ல முடியாது. சொல்லிவிட்டால், வீட்டுக்குப் போனபின் அதற்கும் சேர்த்து அடி விழும். "பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு" என்று அனுப்பிவைக்கும் போதகர் அந்த அடிக்குத் துணை போகிறார். பாதுகாப்புக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

அரசாங்கத்தின் உதவி எண் 15999-க்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்; காயத்தை அவர்கள் பதிவில் எழுதிவைப்பது பின்னால் உதவும். சமூக நல அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை தர முடியும். அதற்குப் போலீஸ் புகார் தேவையில்லை, ஏழு நாள் செல்லும். அதற்குள் போலீசில் புகார் கொடுத்தால் விசாரணை முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கு நீதிமன்றம் போகலாம். அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வங்கி அட்டை, மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு நம்பிக்கையானவர் வீட்டில் வையுங்கள்.

இறையியல் மாணவர்: போதகர் தன்னைக் கவுன்சிலர் என்று போட்டுக்கொள்ளலாமா?

1998-ஆம் ஆண்டுக் கவுன்சிலர் சட்டப்படி பதிவும் தொழில் சான்றிதழும் இருந்தால் மட்டுமே. இல்லாவிட்டால் போதகராகவே ஆலோசனை சொல்லுங்கள், பெயர் அட்டையிலும் அப்படியே போடுங்கள். தற்கொலை எண்ணம், போதைப்பொருள், தீராத மனச்சோர்வு என்று தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். ரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதை முதல் சந்திப்பிலேயே, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அதே மாணவர்: பட்டம் வாங்கினால் போதகர் ஆகிவிடலாமா?

ஆக முடியாது தம்பி. பினாங்கின் பத்து பெரிங்கியில் உள்ள, 1954-இல் தொடங்கிய பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி பட்டம் தரும், ஆனால் உங்களை அழைத்து அபிஷேகம் பண்ணுவது உள்ளூர்ச் சபை. எங்களுக்கு மேலே பேராயர் கிடையாது. சபை கூடி, விசாரித்து, ஓட்டுப் போடும்.

கல்லூரி ஆசிரியை: தமிழ் மாணவர்களுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்க எங்கே தொடங்கலாம்?

"நாம்", "நாங்கள்" இரண்டிலிருந்து தொடங்குங்கள். கிரேக்கத்தில் இந்த வேறுபாடு இல்லை, தமிழில் இதைத் தவிர்க்க வழியில்லை. மாற்கு 4:38-இல் படகு மூழ்கப் பார்க்கிறது, இயேசு உள்ளே தூங்குகிறார். சீஷர்கள் "மடிகிறோம்" என்று சொல்வது கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். பழைய தமிழ் வேதாகமத்தில் அது "நாங்கள் மடிந்துபோகிறது" என்று வருகிறது. அதே படகில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்காமல் பேசுகிறார்கள். "நாம்" என்று போட்டிருந்தால் அவரும் சேர்ந்து மடிவார் என்றாகிவிடும். எது சரி என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாடவிடுங்கள், வினைத்திரிபு அட்டவணையை அதற்குப் பிறகு கையில் கொடுங்கள்.