பெட்ரோலை மிச்சப்படுத்தும் கருவியை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். சிம்பாங் அம்பாட்டிலிருந்து தினமும் பாயான் லெப்பாஸில் இருக்கும் தொழிற்சாலைக்கு என் மைவி காரில் போய் வருகிறேன். இரவுச் சந்தையில் ஒரு கருவி விற்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி வைத்தால் 30 விழுக்காடு பெட்ரோல் மிச்சமாகுமாம். விலை 89 வெள்ளி. என் கொழுந்தனாரோ, "அதெல்லாம் வேண்டாம், ரோன் 97 ஊற்றுங்கள், அதிக தூரம் ஓடும்" என்கிறார். எது சரி?

பதில்: சகோதரி, இரண்டுமே வேண்டாம்.

அந்தக் கருவியைச் செருகச் சொல்லும் இடம், பட்டறைக்காரர்கள் காரில் என்ன கோளாறு என்று பார்க்கப் பயன்படுத்தும் துளை. விற்பனைக்கு வரும் இத்தகைய கருவிகளில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால், விளக்கை மினுக்க வைக்கும் ஒரு சிறு சுற்றுதான் உள்ளே இருக்கும். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைக் காரின் கணினி, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரைக் கவனித்து நொடிக்கு நொடி தானே சரிசெய்துகொள்கிறது; அந்தக் கருவிக்கு அங்கே வேலையே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி 100க்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்தது. மிகச் சிலவற்றில்தான் ஏதோ கொஞ்சம் பலன் தெரிந்தது. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இரவுச் சந்தையில் ரசீது எங்கே கிடைக்கிறது? அதனால்தான் வாங்கும் முன்பே தடுக்க நினைக்கிறேன்.

ரோன் 97 பற்றி: அந்த எண் பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதில்லை. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. மைவி ரோன் 95-க்காகவே செய்யப்பட்ட கார். பூடி 95 என்ற அரசாங்கப் பெட்ரோல் சலுகைத் திட்டம் 2025 செப்டம்பர் 30-இல் பொதுமக்களுக்குத் தொடங்கியபோது, மைகார்டு (அடையாள அட்டை) காட்டும் குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டருக்கு 1.99 வெள்ளி. ரோன் 97 அப்போது 3 வெள்ளிக்கு மேல். மைவியின் 36 லிட்டர் டாங்கியை ஒரு முறை நிரப்பவே 36 வெள்ளிக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும். அந்தச் சலுகை காருக்கு அல்ல, ஆளுக்கு. அதைப் பெற ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இருக்க வேண்டும், காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்? உங்கள் விஷயத்தில், பாதையில்தான். பினாங்குத் தீவுக்குப் போக உங்களுக்கு இரண்டு பாலங்கள் இருக்கின்றன. 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங் போகிறது. பழைய பாலத்துக்கு நீங்கள் பிறை வரை போய்த் திரும்ப வேண்டும், அங்கே காலை நெரிசலும் உண்டு. நின்று நின்று போகும்போது, வேகமெடுக்கச் செலவான பெட்ரோல் ஒவ்வொரு பிரேக்கிலும் வீணாகிறது. ஒரு வாரம் ஒரு பாலம், மறுவாரம் மற்றது என்று ஓட்டிப் பாருங்கள். பம்பு தானாக நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்புங்கள். 480 கிலோமீட்டருக்கு 32 லிட்டர் பிடித்தால், நூறு கிலோமீட்டருக்கு 6.7 லிட்டர் என்று கணக்கு. டோலையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

அப்புறம் டயர் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சரியான அளவு ஒட்டப்பட்டிருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள். காற்று குறைந்த டயர் பெட்ரோலைத் தின்னும், சீக்கிரம் தேயவும் செய்யும். நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது காற்றின் எதிர்ப்பு, 90-இல் இருப்பதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அவசரமில்லாத நாளில் வலது பாதையை விட்டுவிடலாமே.

கேள்வி: பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் சாலையில் மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று அப்பா எப்போதும் சொல்வார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள், தம்பி. பெட்ரோலைக் கணினி கட்டுப்படுத்தாத பழைய கார்புரேட்டர் கார்களின் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய கார்களில் கியரிலேயே இருந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் ஓட வேண்டுமே, அதற்குப் பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், எஞ்சின் இழுத்துப் பிடிக்காததால் முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். அந்த வளைவுகளில் பிரேக் சூடேறி வலுவிழந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே தேவையில்லை. ஆட்டோ கார் என்றால் கீழ் கியருக்கு மாற்றி மெதுவாக இறங்குங்கள். இதை அப்பாவுக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.