மதியக் கச்சேரிக்குப் போகும் அம்மாவுக்கு

வணக்கம். என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம் உள்ளவன், இன்னும் பேச்சு வரவில்லை. டிசம்பர் வந்தால் நான் இரண்டு மூன்று மதியக் கச்சேரிகளுக்குப் போவேன். அன்றைக்கெல்லாம் என் கணவர் லீவு போட்டு அவனைப் பார்த்துக்கொள்வார். போன வருடம் சபா வாசலில் உறவுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "பிள்ளையை விட்டுட்டுக் கச்சேரியா?" என்று கேட்டார். உள்ளே போய் உட்கார்ந்தும் பாட்டு காதில் ஏறவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு போனால் அவனுக்கு நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். அவனோடு போவதா, தனியாகவே போவதா, இல்லை இதையெல்லாம் விட்டுவிடுவதா?

பெயர் வேண்டாம்,
குரோம்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

தனியாகவே போங்கள். முடிந்தால் மூன்று கச்சேரியை ஐந்தாக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தால் அந்த உறவுக்காரர் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். பிள்ளைக்காக வேண்டிக்கொள்ள வந்திருக்கிறாள், பாவம் என்று சொல்லியிருப்பார். பாட்டுக் கேட்பது உங்களுக்காக. அதனால்தான் அந்தக் கேள்வி வந்தது. இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவள் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஊரார் அவர்களாகவே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். உங்களுக்கும் வரலாம், தப்பில்லை.

என் அக்கா மகனும் ஆட்டிசம் உள்ளவன். இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டான். அந்த வீட்டில் அக்காவின் காது எப்போதும் வேலையில் இருக்கும். நம்மோடு பேசிக்கொண்டே இருப்பாள். கேட் தாழ்ப்பாள் நகர்வதும் பாத்ரூம் குழாய் திறப்பதும் கேஸ் அடுப்பின் திருகு 'டக்'கென்று திரும்புவதும் நமக்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிடும். கொஞ்ச நேரம் சத்தமே வராவிட்டால் இன்னும் பயம், பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவாள். இப்படி இருப்பவரை ரெஸ்ட் எடு என்று ஓர் அறையில் படுக்கவைத்துப் பயனில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

கச்சேரி அந்தக் காதுக்கு வேறு வேலை கொடுக்கிறது. மயிலாப்பூரில் ஒரு கச்சேரியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். வர்ணம் முடிகிறவரை மடியில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கீர்த்தனையிலும் அப்படித்தான். அப்புறம் பாடகி காம்போதி ராகத்தை எடுத்தார். ஆலாபனை மெதுவாக ஏறி மேல் ஷட்ஜத்தில் போய் நின்றபோது அக்கா போனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வயலின்காரர் வாசித்து முடித்துக் கீர்த்தனை ஆரம்பித்ததும் தொடையில் ஆதி தாளம் போடத் தொடங்கினாள். சின்ன வயதில் பாட்டு வகுப்பில் பழகிய விரல்கள், ஓரிடத்திலும் பிசகவில்லை. ஸ்வரம் பாடும்போது பாடகி எங்கே வந்து எடுப்பில், அதாவது பாட்டு வரி தொடங்கும் இடத்தில், சேரப்போகிறார் என்று காத்திருந்தாள், சேர்ந்ததும் சிரித்தாள். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போனது. அவள் அசையவில்லை.

சினிமாவுக்குப் போனாலும் மனசு மாறும்தான். ஆனால் உங்கள் மாதிரி ஆட்களுக்குக் கச்சேரி இன்னும் தோதானது. தாமதமாகப் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது, ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாக முழுமையானது. வீட்டிலிருந்து போன் வந்தால் ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்து வரலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சபாக்களில் மதியக் கச்சேரிக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கதவுப் பக்கம் ஓர நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று தெரிந்தாலே மனசு பாட்டில் நிற்கும்.

மகனைக் கூட்டிப்போவது வேறு விஷயம். அவனுக்குப் பாட்டுப் பிடிக்குமா என்று நீங்கள் எழுதவில்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இசை மிகவும் பிடிக்கும். அதே பிள்ளைகளில் பலருக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. சபாவில் மைக் 'கீ'யென்று கத்தும், ஸ்பீக்கரில் மிருதங்கம் அதிரும், எதிர்பாராத நேரத்தில் கைத்தட்டல் வெடிக்கும். மைலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நேரத்தில் மைக் இல்லாத கச்சேரி நடப்பதுண்டு. அந்த மாதிரி திறந்த இடத்துக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். ஓரமாக நிற்கட்டும், நடக்கட்டும், காதைப் பொத்தினால் உடனே கிளம்பிவிடுங்கள். ஆனால் அதை உங்கள் ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் கேட்கப்போவது பாட்டை அல்ல, அவனைத்தான். இந்த ராகம் ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்று யாராவது பட்டியல் நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அது சரிசெய்ய வேண்டிய நோயும் இல்லை, காம்போதி மாத்திரையும் இல்லை.

பெற்றோருக்கு ஓய்வு வேண்டும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகளுக்காக 1999-இல் போட்ட சட்டத்தின் கீழ் வந்த தேசிய அறக்கட்டளைக்கு 'சமர்த்' என்ற பெயரில் தொடங்கிய ஒரு திட்டம் உண்டு. பிள்ளைகளைக் கொஞ்ச காலம் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் அதில் வருகின்றன. ஆனால் டிசம்பர் மதியம் இரண்டு மணி நேரத்துக்கு அது உதவாது. நீங்கள் தெரபிக்குப் போகிற இடத்தில் இன்னொரு குடும்பத்தோடு பேசிப்பாருங்கள். இந்த வாரம் அவர்கள் பிள்ளை உங்கள் வீட்டில், அடுத்த வாரம் உங்கள் பிள்ளை அங்கே. அந்தப் பிள்ளையின் சுபாவம் உங்களுக்கும் உங்கள் பிள்ளையின் சுபாவம் அவர்களுக்கும் பழகக் கொஞ்ச நாள் ஆகும், அதனால் இப்போதே ஆரம்பியுங்கள்.

சபா காரியதரிசிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்தில் நாடக அரங்குகளும் இசை அரங்குகளும் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ஒலியைக் குறைத்து, எழுந்து நடக்கவும் குரல் கொடுக்கவும் இடம் கொடுத்துத் தனிக் காட்சிகள் நடத்துகின்றன. நம் சபாக்களும் சீசனில் ஒரு மதியத்தை அப்படி ஒதுக்கலாம். நம் கச்சேரிகளில் ஜனங்கள் எழுந்து போவதும் வருவதும் ஏற்கெனவே பழக்கம்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அவருக்கும் எங்கேயாவது போக வேண்டும் என்று இருக்கும். சங்கீதம் பிடிக்காவிட்டால் சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் மேட்ச், இல்லை பழைய நண்பர்களோடு ஒரு சாயங்காலம். என்ன வேண்டும் என்று கேட்டு, அதற்கும் காலண்டரில் நாள் குறித்துவிடுங்கள்.

அன்புடன்