பிரிட்ஜ் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பக்கங்கள் நிறைய, ஆனால் கேள்வி மூன்றுதான். பெரிய மகள் பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்திருக்கிறாள், ஆறு மாத பிரிட்ஜ் கோர்ஸ் படித்தால் தொடக்கப் பள்ளி வேலைக்கும் போகலாம் என்று ஒரு மையம் நாற்பதாயிரம் கேட்கிறது, கட்டலாமா? பிளஸ் டூ முடித்த சின்னவளை டீச்சர் டிரெயினிங்கில் சேர்ப்பதா, டிகிரியில் சேர்ப்பதா? 2004-லிருந்து வேலை பார்க்கும் உங்கள் நாத்தனாரும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுத வேண்டும் என்கிறார்களே, அது நிஜமா?

முதல் கேள்விக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'என்.சி.டி.இ. அங்கீகாரம்' என்று இருக்கிறது. எந்த அறிவிக்கை, எந்தத் தேதி என்று எங்கேயும் இல்லை. கீழ் மூலையில் பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருக்கிறது. அந்த நிபந்தனை என்னவென்று தெரிந்தால் யாரும் அங்கே பணம் கட்ட மாட்டார்கள்.

விஷயம் இதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்ன என்று சொல்லும் அதிகாரம் என்.சி.டி.இ.க்கு, அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கு இருக்கிறது. 2010 ஆகஸ்ட் 23-ல் அது விதியை வெளியிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுக்க, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷத் தொடக்கக் கல்வி டிப்ளமோ வேண்டும். நாம் டி.டி.எட். என்று சொல்லிப் பழகிய படிப்புதான், இப்போது டி.எல்.எட். என்கிறார்கள். கூடவே டெட் தேர்ச்சியும் வேண்டும். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, பி.எட். படித்தவர்களையும் 2012 ஜனவரி 1 வரை எடுக்கலாம், வேலையில் சேர்ந்தபின் ஆறு மாதப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று ஒரு தற்காலிகச் சலுகையும் அதில் இருந்தது. அது காலாவதியாகிவிட்டது.

பிறகு 2018 ஜூன் 28-ல் இன்னொரு அறிவிக்கை வந்தது. பி.எட். முடித்தவர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாம், பணியில் சேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் ஆறு மாத பிரிட்ஜ் கோர்ஸ் முடித்தால் போதும் என்றார்கள். இந்த முறை காலக்கெடு இல்லை. நாடு முழுக்க பி.எட். பட்டதாரிகள் மத்திய டெட் தேர்வான சி-டெட்டில், தொடக்க வகுப்புகளுக்கான முதல் தாளை எழுதத் தொடங்கினார்கள். டிப்ளமோ படித்தவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. இரண்டு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவென்றே படித்தவர்கள் அவர்கள். பி.எட்.காரருக்கு ஆறாம் வகுப்புக்கு மேலே எல்லாக் கதவும் திறந்திருக்கும். இவர்களுக்கு இருப்பது இந்த ஒரு கதவுதான்.

ராஜஸ்தானில்தான் இது வழக்காக வெடித்தது. அங்கே ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு 2021 ஜனவரியில் வந்த அறிவிப்பில், தொடக்க நிலைக்கு பி.எட். படித்தவர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். மத்திய அறிவிக்கையே செல்லாது என்று டிப்ளமோ தரப்பும் போனது. 2021 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2018 அறிவிக்கையை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனிருத்தா போஸ், சுதான்சு துலியா அமர்வு அதை உறுதி செய்தது. தேவேஷ் சர்மா வழக்கு என்று தேடினால் தீர்ப்பு கிடைக்கும். இலவசக் கல்வி என்ற உரிமைக்குள் தரமான கல்வியும் அடக்கம், ஆறேழு வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை பி.எட். சொல்லித்தருவதில்லை, ஆகவே அது இந்த வகுப்புகளுக்கான தகுதி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அமைச்சகம் சொன்னதை என்.சி.டி.இ. தானாக ஆராயாமல் ஏற்றதையும் நீதிமன்றம் குறை சொன்னது. என்னைக் கேட்டால் சரியான தீர்ப்பு. ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுத வராத பிள்ளையின் விரலைப் பிடிக்கத் தெரிவது ஒரு தனி வித்தை.

இப்போது அந்த நோட்டீஸுக்கு வருவோம். பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் யாருக்கு என்பதில்தான் சூட்சுமம். 2024 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது: விளம்பரத்தில் பி.எட். தகுதியாகக் குறிப்பிடப்பட்டு, நீதிமன்றத் தடை எதுவும் இல்லாமல் 2023 ஆகஸ்ட் 11-க்கு முன்பே முறையாக வேலையில் சேர்ந்தவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவர்களுக்காகத்தான் 2025-ல் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக பிரிட்ஜ் கோர்ஸ் ஏற்பாடானது. உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் இல்லை. விதி உயிரோடு இருந்த காலத்திலும் இது வேலையில் சேர்ந்தபின் படிக்க வேண்டிய படிப்பு; முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வேலை கேட்க ஒருபோதும் வழி இருந்ததில்லை. பத்திரிகையில் 'பிரிட்ஜ் கோர்ஸ் தொடக்கம்' என்று வந்த செய்தியை வைத்துக்கொண்டு அந்த மையம் கடை விரித்திருக்கிறது, அவ்வளவுதான்.

'எப்படியாவது உள்ளே போய்விட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மகள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். சத்தீஸ்கரில் நடந்ததை அவளுக்குச் சொல்லுங்கள். பஸ்தர், சர்குஜா பகுதித் தொடக்கப் பள்ளிகளில் பி.எட். படித்தவர்களை உதவி ஆசிரியர்களாக எடுத்தார்கள். வழக்கின் முடிவுக்கு உட்பட்ட நியமனம் அது. முடிவு எதிராக வந்தது. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வேலை இழந்து ராய்ப்பூர் தெருவில் உட்கார்ந்தார்கள். பிற்பாடு அந்த அரசு 2,621 பேரை அறிவியல் ஆய்வகப் பிரிவு உதவி ஆசிரியர்களாக எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. சரி, பிழைத்தார்கள். ஆனால் அது அரசு பார்த்துச் செய்தது. நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படிச் செய்வார்கள் என்று கணக்குப் போட முடியாது. பணி ஆணையில் 'இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டது' என்ற வரி இருந்தால், அந்த வேலையை நம்பி வீட்டுக் கடன் வாங்கக் கூடாது.

வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பதும் அப்படித்தான். நம் ஊரிலேயே பார்த்தோமே. 2013 டெட் முடிந்தபிறகு, 2014 பிப்ரவரியில் அரசாணை 25 வந்து இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 150-க்கு 90 என்றிருந்த தேர்ச்சி மதிப்பெண்ணை 82 ஆக்கியது. மே மாதம் அரசாணை 71, டெட்டுக்கு 60, மீதி 40 பிளஸ் டூ, டிகிரி, பி.எட். மதிப்பெண்களுக்கு என்று வெயிட்டேஜ் கணக்கு கொண்டுவந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்று சொல்ல, சென்னை வேறு சொல்ல, உச்ச நீதிமன்றம் இரண்டு ஆணைகளும் செல்லும் என்று சொன்னபோது 2016 நவம்பர் ஆகிவிட்டது. 2018-ல் அரசாணை 149 வந்து, டெட் பாஸ் செய்தாலும் பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றானது. 2013-ல் பாஸ் செய்துவிட்டு நியமனம் கேட்டுப் பட்டினிப் போராட்டம் நடத்தியவர்களில் பலருக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது. டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் அது தகுதிச் சீட்டு மட்டும்தான். வேலைக்கு டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்தும் தேர்வில் ரேங்க் வேண்டும், கட்டாயத் தமிழ்த் தாளிலும் தேற வேண்டும்.

ஆக, பெரியவளுக்கு என் யோசனை இது. அவள் படித்த பி.எட்.டுக்குரிய இடம், ஆறு முதல் பத்து வரை பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணி. டெட் இரண்டாம் தாளில் கணிதம், அறிவியல் பிரிவை எடுத்துத் தேறட்டும். அடிப்படைச் சம்பளம் அங்கே 36,400-ல் தொடங்குகிறது. தொடக்க வகுப்புகளை எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு 20,600. குறைவான சம்பளமுள்ள வேலைக்கு, செல்லாத சான்றிதழை நாற்பதாயிரம் கொடுத்து வாங்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி? கையில் பணமும் இரண்டு வருஷமும் இருந்தால் எம்.எஸ்சி. கணிதம் சேர்க்கலாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு டெட் தேவையில்லை. சின்னக் குழந்தைகளோடுதான் இருக்க ஆசை என்று அவளே உறுதியாகச் சொன்னால், நேர்வழியாக இரண்டு வருஷ டி.எல்.எட். இருக்கிறது, டிகிரிக்குப் பிறகும் படிக்கலாம், சேர்க்கைக்கான வயது வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக அந்தப் பக்கம் போக வேண்டாம். அங்கேயும் கூட்டம்தான். 2024 ஜூலையில் நடந்த இடைநிலை ஆசிரியர் தேர்வு முதலில் அறிவிக்கப்பட்டது வெறும் 1,768 இடங்களுக்கு.

சின்னவள் விஷயத்தில் என்னால் இவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. தொடக்கப் பள்ளி டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசையா, உங்கள் ஆசையா என்பது கடிதத்திலிருந்து புரியவில்லை. அவள் ஆசை என்றால், தீர்ப்புக்குப் பிறகு டிப்ளமோவின் மதிப்பு கூடியிருக்கிறது, பி.எட்.காரர் போட்டி அங்கே இல்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தால் செலவும் அதிகம் ஆகாது. தனியார் நிறுவனம் என்றால், என்.சி.டி.இ. அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பழைய சான்றிதழைக் காட்டினால் ஏமாற வேண்டாம். மாணவர் சேராமல் மூடப்பட்ட நிறுவனங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். டிப்ளமோ முடித்தபின் தொலைநிலையிலாவது ஒரு டிகிரி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பதவி உயர்வுக்கு உதவும். மனசு இன்னும் தெளியவில்லை என்றால் டிகிரியே நல்லது. பதினேழு வயதில் ஒரே வேலைக்கான படிப்பில் பூட்டிவிட வேண்டியதில்லை. நான்கு வருஷ ஒருங்கிணைந்த பி.எட். பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதில் சேருமுன் அது எந்த வகுப்பு நிலைக்கான படிப்பு என்று பாருங்கள். இந்த வழக்கே அந்தக் கேள்வியில்தான் நின்றது.

நாத்தனார் விஷயம் வேறு தீர்ப்பு. வாட்ஸ்அப்பில் இரண்டையும் கலந்து அடித்து எல்லாரையும் பயமுறுத்துகிறார்கள். 2025 செப்டம்பர் 1-ல் நீதிபதிகள் தீபங்கர் தத்தா, ஏ.ஜி. மாசி அமர்வு சொன்னது அது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்திருந்தாலும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும். இல்லையென்றால் உரிய பணப்பலன்களோடு வெளியே வர வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு என்றால் டெட் இல்லாமல் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது, அதனால் அவர் பள்ளி எந்த வகை என்று முதலில் கேளுங்கள். அவருக்கு ஓய்வுக்கு ஒன்பது வருஷம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அப்படியானால் அவர் எழுதத்தான் வேண்டும். தமிழக அரசு சீராய்வு மனு போட்டது என்பதை நம்பிப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லாதீர்கள். இருபது வருஷம் பாடம் நடத்தியவரைப் பரீட்சை ஹாலில் உட்கார வைப்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் 30 மதிப்பெண்ணுக்கு வருகிறது; அவர் தினமும் செய்வதைத்தான் அங்கே பெயர் சொல்லிக் கேட்பார்கள். பெரியவளோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தால் இருவருக்கும் நல்லது. தாள்தான் வேறு, அந்தப் பகுதிக்கான அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. இனி எந்த அறிவிப்பு வந்தாலும், யூடியூப்பில் யாராவது விளக்கும்வரை காத்திருக்காமல், டிஆர்பி தளத்தில் உள்ள மூல அறிவிக்கையை மகளையே படிக்கச் சொல்லுங்கள். 'கல்வித் தகுதி' என்ற பத்தியும், அந்தத் தகுதியை எந்தத் தேதிக்குள் பெற்றிருக்க வேண்டும் என்ற வரியும் முக்கியம். சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வரியைப் படிக்காதவர்கள்.

சின்னவளின் பிளஸ் டூ மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. டி.எல்.எட். சேர 50 விழுக்காடு வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 45. மதிப்பெண் பட்டியலைப் படம் எடுத்து அனுப்புங்கள். முடிந்தால் அடுத்த முறை அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.