சாக்கெட்டை எண்ணுங்கள், நிறத்தைப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டயாப்லோ 2 விளையாட்டின் ரூன் வியாபாரம் பற்றியவை. விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக: வாள், கேடயம், கவசம் போன்றவற்றில் சாக்கெட் எனப்படும் குழிகள் இருக்கும். அவற்றில் ரூன் என்ற மந்திரக் கற்களைக் குறிப்பிட்ட வரிசையில் பதித்தால் அந்தப் பொருளுக்குப் புதுப் பெயரும் புதுச் சக்தியும் வரும், அதுதான் ரூன்வேர்ட். மொத்தம் 33 ரூன்கள். விற்பவரும் ஆட்டக்காரர், வாங்குபவரும் ஆட்டக்காரர். காசுக்குப் பதிலாக ரூன்களே கைமாறும். ரசீது கிடையாது. கீழே ஒவ்வொரு கடிதமும், அதற்கு என் பதிலும்.

ஸ்பிரிட் என்ற ரூன்வேர்ட் செய்வதற்காக 4 சாக்கெட் மொனார்க் கேடயம் வாங்கினேன். பெயர் நீல எழுத்தில் இருந்ததால் உசத்தி என்று நினைத்து, கேட்ட விலையைக் கொடுத்தேன். டால், தூல், ஆர்ட், அம்ன் நான்கையும் வரிசை தவறாமல் பதித்தும் ஸ்பிரிட் வரவில்லை. ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. நீல எழுத்து என்றால் அது மேஜிக் பொருள், அதில் ரூன்வேர்ட் வராது. மஞ்சள், பச்சை, தங்க நிறப் பெயர் கொண்டவற்றிலும் வராது. மாயப் பண்பு எதுவும் இல்லாத, சாம்பல் நிறப் பெயருள்ள சாக்கெட் பொருள்தான் வேண்டும். 4 சாக்கெட் நீல மொனார்க் அரிய சரக்கு. ஜூவல் என்ற மணிகளைப் பதிப்பதற்காக அதைத் தேடி அலைபவர்கள் உண்டு. விற்றவர் நியாயமான விலைதான் கேட்டிருக்கிறார், நீங்கள்தான் தவறான கடைக்குப் போய்விட்டீர்கள்.

சரி, இழப்பு பெரிதில்லை. ஹெல் ரூன் ஒன்று, டவுன் போர்ட்டல் சுருள் ஒன்று, இவற்றோடு கேடயத்தையும் பொருட்களை வேறாக மாற்றித் தரும் ஹொராட்ரிக் கியூப் பெட்டியில் போட்டு மாற்றினால் குழிகள் காலியாகிவிடும். பதித்த நான்கு ரூன்களும் அழியும், ஆனால் அவை மலிவானவைதான். காலிக் கேடயத்தை அதன் அருமை தெரிந்தவரிடம் விற்றுவிட்டு, சாம்பல் மொனார்க் ஒன்று வாங்குங்கள். கையில் மிச்சமும் நிற்கும்.

என் சோர்சரஸ் கதாபாத்திரத்துக்கு ஸ்பிரிட் மொனார்க் வாங்கினேன். அணிய முடியவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

மொனார்க்குக்கு 156 வலிமை வேண்டும் என்று அந்தப் பொருளின் மேலேயே எழுதியிருக்கிறது. வாசித்துவிட்டு வாங்குங்கள்.

சாக்கெட் இல்லாத கிரிஸ்டல் வாள் ஒன்றை வாங்கி, ஆட்டத்துக்குள் இருக்கும் கொல்லன் லார்சுக்கிடம் குழி போடக் கொடுத்தேன். நண்பனின் வாளுக்கு 4 குழி வந்தது, என்னுடையதற்கு 6. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. ஸ்பிரிட் செய்ய முடியாமல் நிற்கிறேன்.

இதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. என்னுடைய பழைய கோபத்தை நீங்கள் கிளறிவிட்டீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஐட்டம் லெவல் என்று ஓர் எண் உண்டு. ஓர் அரக்கனைக் கொன்று பொருள் விழுந்தால், அந்த அரக்கனின் லெவலே பொருளின் லெவல். லார்சுக் எத்தனை குழி போடுவார் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. கிரிஸ்டல் வாளில் 25 வரை 3 குழி, 26 முதல் 40 வரை 4, அதற்கு மேல் 6. ஸ்பிரிட்டுக்குச் சரியாக 4 இருக்க வேண்டும். 6 இருந்தால் மேலே இரண்டு காலியாக விட்டுக்கொள்ளலாம் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

இவ்வளவு முக்கியமான எண்ணை, 2001இல் லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் என்ற கூடுதல் பாகம் வந்தபோது பொருளின் மேல் எங்குமே காட்டாமல் விட்டார்கள். சேதம் எவ்வளவு, எத்தனை அடி தாங்கும், எவ்வளவு வலிமை வேண்டும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. விலையைத் தீர்மானிக்கும் எண் மட்டும் தெரியவில்லை. எடை அச்சிடாத பொட்டலத்தை ஒரே விலைக்கு விற்பதைப் போன்ற அநியாயம் இது. விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. போதாக்குறைக்கு, லார்சுக் இந்த வேலையை ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரு கடினநிலையில் ஒரே ஒரு முறைதான் செய்து கொடுப்பார். ஆக உங்களுக்கு வாளும் போனது, வாய்ப்பும் போனது. எந்த ரூனை எந்த வரிசையில் பதிக்க வேண்டும் என்ற பட்டியலையும் அந்த ஆட்டத்துக்குள் வைக்கவில்லை. வாங்குபவன் எப்படியோ தெரிந்துகொள்ளட்டும் என்ற இந்த மனப்போக்கை நான் எந்தச் சந்தையிலும் மன்னித்ததில்லை.

இனி இரண்டு வழி. குழி ஏற்கெனவே உள்ள வாளை வாங்குங்கள், நான்கு என்று கண்ணால் எண்ணிவிடலாம். இல்லையென்றால் நார்மல் கடினநிலையின் ரகசியப் பசுக் கூடத்துக்குப் போய் நீங்களே அடித்து எடுங்கள். அங்குள்ள பசுக்களின் லெவல் 28. அவை போடும் கிரிஸ்டல் வாளுக்கு லார்சுக் 4 குழிதான் போடுவார்.

பெர் ரூன் ஒன்றுக்கு மூன்று சுர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. இரண்டு சுர்ரோடு ஒரு ஃப்ளாலெஸ் அமெதிஸ்ட் ரத்தினத்தைக் கியூபில் போட்டால் பெர் வந்துவிடும். அதற்கு மேல் கேட்பவர் உங்கள் அறியாமைக்கு விலை வைக்கிறார்.

அதற்காகக் கியூபில் எதைப் போட்டாலும் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பெர் போட்டால் ஒரு ஜா கிடைக்கும், ஆனால் சந்தையில் பெர்ரும் ஜாவும் ஏறக்குறைய ஒரே விலை. இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்கும் வியாபாரம் யாருக்கு வேண்டும்? வரிசையில் 33ஆவது, கடைசி என்பதால் ஜாட்தான் மிக விலை உயர்ந்தது என்றும் பலர் நம்புகிறார்கள். எனிக்மா என்ற கவச ரூன்வேர்டுக்கு ஜாவும் பெர்ரும் வேண்டும், ஆகவே கிராக்கி அவற்றுக்குத்தான். பெருமைக்காக நான் வாங்கிய ஜாட் ஒன்று இன்னும் பெட்டியில் கிடக்கிறது.

எனிக்மா செய்யும்போது ஜா, பெர், இத் என்று பதித்துவிட்டேன். ரூன்களைத் திரும்ப எடுக்க வழி உண்டா?

இல்லை. வரிசை ஜா, இத், பெர். ஹெல் முறையில் குழி காலியாகும், ரூன்கள் திரும்பாது. அத்தனை விலையுள்ள இரண்டு கற்களைப் பதிக்கும் முன் ஒரு முறை சரிபார்த்திருக்கலாமே. கவசத்தை அப்படியே அணியுங்கள்: ஜாவால் உயிர் 5 சதவீதம் கூடும், பெர்ரால் உடல் சேதம் 8 சதவீதம் குறையும்.

எனிக்மாவுக்குக் கியூபில் குழி போட எது நல்லது, மேஜ் பிளேட்டா ஆர்கான் பிளேட்டா?

மேஜ் பிளேட். டால், தூல், பெர்ஃபெக்ட் டோபாஸ் ஆகியவற்றோடு குழியில்லாத கவசத்தைப் போட்டால் 1 முதல் 6 வரை ஓர் எண் விழும். கவசத்தின் வரம்பைத் தாண்டிய எண்கள் வரம்பிலேயே நின்றுவிடும். மேஜ் பிளேட்டின் வரம்பு 3. ஆகவே 3, 4, 5, 6 எது விழுந்தாலும் உங்களுக்கு மூன்று குழி, ஆறில் நான்கு வாய்ப்பு. ஆர்கான் பிளேட்டின் வரம்பு 4, அதில் சரியாக மூன்று வர ஆறில் ஒன்றுதான்.

ஆனால் சுப்பீரியர் என்ற உயர்தரக் கவசத்தை இதற்காக வாங்காதீர்கள். இந்தச் சூத்திரம் அதை ஏற்காது, லார்சுக் மட்டுமே குழி போடுவார். கூடுதல் தற்காப்பு என்ற ஆசை வார்த்தைக்காக நான் ஒன்றை அதிக விலைக்கு வாங்கினேன். கியூப் அசையவே இல்லை. விற்றவர் அதற்குள் ஆட்டத்தை விட்டே போயிருந்தார்.

50 சதவீதம் கூடுதல் தற்காப்பு என்று ஈத்தீரியல் கவசம் வாங்கி அணிந்தேன். தேய்ந்துகொண்டே போகிறது, கொல்லர் சார்சி பழுதுபார்க்க மறுக்கிறாள்.

ஈத்தீரியலை யாராலும் பழுதுபார்க்க முடியாது. உங்களோடு சண்டையிடும் கூலிப்படை வீரனுக்குக் கொடுத்துவிடுங்கள், அவன் அணிவது தேயாது. மூன்று குழி இருந்தால் ஷேல், தூல், லெம் பதித்து ட்ரெச்சரி என்ற ரூன்வேர்ட் செய்து கொடுங்கள்.

வெளியே உண்மைப் பணம் கொடுத்து ரூன் வாங்கினேன். இப்போது கணக்கை முடக்கிவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் தடை செய்திருக்கிறார்கள், நீங்களும் சம்மதம் என்று அழுத்தியிருக்கிறீர்கள். டயாப்லோ 3இல் 2012இல் ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனமே உண்மைப் பண ஏலச் சந்தை நடத்திப் பார்த்து, 2014 மார்ச்சில் மூடிவிட்டது.

முதன்முதலாகக் கிடைத்த இஸ்ட் ரூனைக் கொடுத்து, என் பார்பேரியனுக்கு 4 சாக்கெட் மொனார்க் வாங்கினேன். பேரத்தில் காட்டியபோது நான்கு குழி இருந்தது. "பையில் இடமில்லை" என்று விற்றவர் பேரச் சாளரத்தை மூடி, மறுபடி திறந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று குழி.

உங்களை அலட்சியக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை பார்த்த பொருளை மறுமுறை யாரும் பார்ப்பதில்லை என்பதை வைத்தே இந்தத் திருட்டு நடக்கிறது. மூடித் திறந்தால் அது புதிய பேரம். பொருளின் மேல் மறுபடி சுட்டியை வைத்து, குழியை எண்ணிவிட்டுத்தான் சம்மதம் அழுத்த வேண்டும். அந்த ஆளைப் பற்றிப் புகார் எழுதுங்கள், ஆனால் இஸ்ட் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தக் கேடயத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று குழிக் கேடயத்தில் ரால், ஆர்ட், டால் பதித்தால் ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜ் என்ற ரூன்வேர்ட் வரும். நெருப்பு, பனி, மின்னல், நஞ்சு நான்கையும் தாங்கும். ஐந்தாம் அங்கத்தில் சிறைப்பட்ட வீரர்களை மீட்டால் குவால்-கேக் அதே மூன்று ரூன்களை இலவசமாகத் தருவார்.